ஓசிக் கச்சேரிக்கு ஆர் காசு?

எங்கட ஊர்க் கோவில் திருவிழாவில் விடிய விடிய நடந்த மேளச்சமாவுக்கு நான் ஒரு சதமும் குடுத்ததில்லை. மணலில் பாயை விரித்து, கச்சான் கொறித்துக்கொண்டு கேட்டோம். எமக்குத்தான் ஓசி, தவில்காரருக்கு ஓசியில்லை. அன்றைய திருவிழா உபயகாரர் முற்கூட்டியே அச்சாரம் குடுத்து அவரை ஒழுங்கு செய்திருப்பார். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933-1975) போன்றோர் இந்த வழமைக்குள் வாழ்ந்தவர்கள்தான்.

நோர்வேக்காரரும் இதேமாதிரி ஒரு வழியைத் தேடியிருக்கிறார்கள் என்பதை இங்கு வந்து பல வருடங்களின் பின்பே அறிந்தேன். சிறிய நாடு, சிறிய மொழி. புத்தகம் விற்று எழுத்தாளன் சீவிக்கேலாது. 1863 இல் பியோர்ன்சனுக்கும், 1866 இல் ரோமில் காசில்லாமல் கஷ்டப்பட்ட இப்சனுக்கும் வருடம் 400 ஸ்பெசிடாலர் குடுக்க இந்நாட்டுப் பாராளுமன்றம் சம்மதித்தது. வாசகரிடம் அறவிட்ட காசல்ல, அரசாங்கத்தின் காசு.

நூலகக் கதை இன்னும் சுவையானது. ஒஸ்லோவின் டைக்மன் நூலகம் 1785 இல் திறந்தது. நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பை நிறையப் புத்தகம் எடுத்துவரும் அதே நூலகம்தான். ஒரு புத்தகத்தை நூறுபேர் இரவல் வாங்கினால் எழுதியவனுக்கு என்ன மிச்சம்? 1946 இல் டென்மார்க்கும், 1947 இல் நோர்வேயும் இதற்குச் சட்டம் போட்டன. இரவல் எடுப்பவர் சதமும் கட்டத் தேவையில்லை. நோர்வேயில் அரசாங்கம் எழுத்தாளர் அமைப்புகளின் நிதிக்குப் பணம் கட்டும். 1965 இல் கலாசார சபை வந்து, புதிய இலக்கிய நூல்களில் 1000 பிரதிகள் வாங்கி நூலகங்களுக்குக் குடுக்கத் தொடங்கியது. சட்டைதான் வேறு, ஆள் எங்கட உபயகாரர்தான்!

எம்மவர் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக் கசெற்றை ஒருவர் வாங்க, பத்துப்பேர் பதிந்தெடுத்தோம். நானும்தான். இப்போது எல்லாம் கைத்தொலைபேசியில் சும்மா கிடைக்கிறது. அது போகட்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவுக்கு மிருதங்கம் வாசிக்க ஒரு தம்பி பேர்கனிலிருந்து பனிமலை தாண்டி ஏழெட்டு மணித்தியாலம் கார் ஓடி வந்தார். மண்டபத்துக்கு வாடகை கட்டினோம், ஒலிபெருக்கிக்குக் கட்டினோம், கொத்துரொட்டிக்கும் கட்டினோம். தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினோம். பொன்னாடையைக் காட்டிப் பெற்றோல் அடிக்கேலுமே? ரிக்கற் வைத்தால் சனம் வராது என்று நிர்வாகம் சொல்வது பொய்யில்லை. பிள்ளைகள் மூன்றுபேர் உள்ள வீட்டுக்கு அது பாரம்தான். வாசல் திறந்தபடியே இருக்கட்டும். திருவிழாவை எழுதிக் குடுத்ததுபோலக் கச்சேரியையும் வீட்டுக்கொன்றாய் எழுதுவோம். அடுத்த சித்திரைக்கு மிருதங்கம் எங்கட வீட்டு உபயம். வயலினுக்கு ஆர்?