பகல் வகுப்பில் ஒரு தொலைகாட்டி

கிழக்குக் கரையில் உள்ள எங்கள் மாங்கேணியில் இருந்து வடக்கே போகும் பெருவீதியில் பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர், கிண்ணியா எல்லாம் தாண்டினால் திருகோணமலை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்தத் திருகோணமலையில் 1900ஆம் ஆண்டளவில் வியாழன் கோளைக் கண்காணித்தவர்களில் உலகத்திலேயே முன்வரிசையில் நின்ற ஒருவர் வாழ்ந்தார். விஞ்ஞான ஆசிரியராக இருந்த காலம் முழுக்க நான் படிப்பித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அவருடைய பெயரைக் கண்டதில்லை.

பெர்சி மோல்ஸ்வேர்த். 1867இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் சேர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த், இலங்கையில் ரயில் பாதை போட்ட பொறியியலாளர். மகன் பிரித்தானிய இராணுவத்தின் பொறியியல் படையில் சேர்ந்து திருகோணமலைக்கு வந்தார். அவரிடம் பன்னிரண்டரை அங்குல ஆடி பொருத்திய தெறிப்புத் தொலைகாட்டி ஒன்று இருந்தது. இங்கே வியாழன் வானில் உயரமாக ஏறி வரும். இங்கிலாந்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது பல வருடங்கள் அடிவானத்துப் புகாரில் கிடக்கும். வியாழனில் தெரியும் ஒரு புள்ளி கோளின் நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தை மணிக்கூட்டில் பார்த்துக் குறிப்பது அவருடைய முறை. அடுத்த சுற்றில் அதே புள்ளி எப்போது கடக்கிறது என்று மறுபடி குறிப்பார். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் அந்த அகலக்கோட்டில் கோள் சுழலும் வேகத்தைச் சொல்லிவிடும். ஒரு கண்ணும் ஒரு மணிக்கூடும் பொறுமையும் போதும். இப்படி ஆயிரக்கணக்கான குறிப்புகளை அவர் சேர்த்தார். 1901 பெப்ரவரி 28ஆம் திகதி, வியாழனின் தென் வலயத்தில் கருமையான ஒரு குழப்பத்தை முதலில் கண்டவர் அவர்தான். அது முப்பது வருடங்களுக்கு மேல் மறையாமல் நின்று வானியலாளர்களுக்கு வேலை கொடுத்தது. செவ்வாயையும் வரைந்தார், இன்று செவ்வாயில் உள்ள ஒரு பெருங்குழிக்கு அவர் பெயர். 1908 நத்தார் தினத்தில், நாற்பத்தொரு வயதில், திருகோணமலையிலேயே இறந்துபோனார்.

அவருடைய குறிப்புகள் கப்பலேறி பிரித்தானிய வானியல் சங்கத்துக்குப் போயின. இந்தக் கரையில் ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் அவர் கற்ற வித்தை வந்து சேரவில்லை. இவ்வளவு பெரிய வேலை நம்முடைய வானத்தின் கீழே நடந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதைவிட அதிகமாக மனக்குறை உண்டு.

அவருக்கு முன்னரே வடக்கில் வேறொரு கதை நடந்திருந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரியில் வானியலும் ஒரு பாடம். அதிபர் டானியல் பூவர் 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தபோது, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன நேரமும் அளவும் வேறாக இருப்பதைக் கண்டார். அன்றிரவு எது சரி என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. பூவரின் கணக்கு வென்றது. புராணங்களின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையைக் குலைப்பதும் மிஷனரிமாரின் நோக்கமாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே செமினரியில் பின்னர் பணியாற்றிய ஹொய்சிங்டன், நம்முடைய பஞ்சாங்கக் கணிதத்தை உட்கார்ந்து படித்து, 1848இல் யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலையே அச்சிட்டார். செமினரி 1855இல் மூடப்பட்டாலும் அந்தக் கல்வி அறுந்துபோகவில்லை. காரைநகரில் பிறந்த ஆலன் ஏபிரகாம், யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் படிப்பித்தபடியே ஹாலி வால்வெள்ளியைக் கணித்து எழுதி, லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். திருகோணமலையில் இருந்தது நல்ல தொலைகாட்டி. வட்டுக்கோட்டையில் இருந்தது, கணக்கை இன்னொருவருக்குக் கைமாற்றிய ஆசிரியர்கள். பின்னதுதான் நிலைத்தது.

அதற்குப் பிறகு கிழக்குப் பக்கம் வானியல் வந்ததெல்லாம் விருந்தாளியாகத்தான். 1955 ஜூன் 20 முழுச் சூரிய கிரகணத்துக்கு வெளிநாட்டார் பொலன்னறுவை, ஹிங்குராக்கொடைப் பக்கம் கருவிகளோடு வந்து முகாமிட்டார்கள். முகில் மறைத்தது, போய்விட்டார்கள். 1990களின் நடுவில் ஜப்பான் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி மொறட்டுவை ஆதர் சி. கிளார்க் நிறுவகத்துக்கு வந்தது. மாங்கேணிப் பிள்ளைக்கு அதுவும் ஓர் இரவு பஸ் பயணத் தூரம். அந்த நாட்களில் எங்களுக்கு வாகரை போய் வருவதே பாடாக இருந்தது.

அதே 1990களில்தான் தொலைகாட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோகாமல், கம்பி வழியே பள்ளியைத் தொலைகாட்டியிடம் கொண்டுபோகும் வேலை தொடங்கியது. 1993இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் கில்பேர்ட் கிளார்க் என்பவர் 24 அங்குலத் தொலைகாட்டி ஒன்றைத் தொலைபேசி மோடத்தோடு இணைத்து மாணவர்களுக்குத் திறந்துவிட்டார். பேர்க்லியில் கார்ல் பெனிபேக்கர் தொடங்கிய இன்னொரு திட்டம் படங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 1994இல் பென்சில்வேனியாவில் ஒயில் சிற்றிப் பள்ளி மாணவிகள் இருவர் கேட்டு எடுத்த படங்களில், எம்51 விண்மீன் மண்டலத்தில் வெடித்த ஒரு சுப்பர்நோவா ஒளி ஏறும் பருவத்திலேயே பதிவாகியிருந்தது. பின்னர் டில் ஃபோக்ஸ் என்ற கணிதக்காரரின் பணத்தில் ஹவாயின் ஹலெயக்கலா மலையிலும் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலும் 2 மீற்றர் தொலைகாட்டிகள் எழுந்தன. பிரித்தானியப் பள்ளி நேரத்தில் அங்கே இரவாக இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை.

இந்த நேரக் கணக்கை நான் மாங்கேணிக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே பகல் 12 மணி என்றால் ஹவாயில் முந்தின நாள் இரவு 8.30. இடைவேளைக்குப் பிந்திய கடைசிப் பாடங்களுக்கு ஹவாய் சரி. சிலியில் உள்ள தொலைகாட்டி என்றால் காலைக் கூட்டம் தொடங்கி 1.30 மணியடிக்கும் வரை அங்கே இரவுதான். சைடிங் ஸ்பிரிங் நமக்கு உதவாது. அங்கேயும் அப்போது பகல்.

கொரோனாவில் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது நானும் இப்படித் தூரத்துத் தொலைகாட்டிகளைப் பயன்படுத்தும் இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். சிக்னலுக்காகக் கடற்கரைப் பக்கம் போய் நின்று கேட்ட பாடங்களும் உண்டு. பிறகு எங்கள் பக்கத்து ஆசிரியர்களைச் சூமில் கூட்டி, படித்ததைத் தமிழில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே ஓர் இளம் ஆசிரியை கேட்டார்: “சேர், இது நம்மட புள்ளைகள் எடுத்த படம் என்டு எப்படி நம்புற? இதவிட வடிவான படம் கூகிள்ல இரிக்கே?”

சரியான கேள்வி. பதிலை வாயால் சொல்லாமல், ஹார்வர்ட் ஆய்வுமையம் நடத்தும் சிறிய தொலைகாட்டிகளுக்கு அவரையே விண்ணப்பம் போடச் சொன்னேன். இலக்கை அவர் தெரிவு செய்ய வேண்டும்; எத்தனை செக்கன் ஒளி விழ வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டும். மறுநாள் மின்னஞ்சலில் வந்தது வெறும் சாம்பல் படம். அரிசோனாவில் முகில். மறுபடி போட்டார். அடுத்த படத்தில் வியாழன் வெள்ளை வட்டமாக எரிந்துபோய், பக்கத்தில் நிலாக்கள் மட்டும் தெரிந்தன. ஒளி கூடிவிட்டது என்று அவரே கண்டுபிடித்தார். அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவருடைய வகுப்புப் பிள்ளைகளும் முகில் விழுந்த படத்தைத்தான் முதலில் பார்த்தார்கள்.

2009ஆம் ஆண்டு, சர்வதேச வானியல் ஆண்டில், கலிலியோவின் பெயரில் தொடங்கிய உலக ஆசிரியர் பயிற்சித் திட்டமும் இந்த வழியில்தான் போகிறது: ஓர் ஆசிரியரைப் பழக்கினால் அவர் இன்னும் பலரைப் பழக்குவார். இதில் எங்களுக்குத் தடையாக நிற்பது தொலைகாட்டி நேரமோ பணமோ அல்ல. கைநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்மொழி மூல ஆசிரியருக்கு ஒரு பாடவேளையில் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று சொல்ல ஆளில்லை. கருவி வாங்கிக் கொடுத்துப் படம் பிடித்துப் போகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. பூட்டிய அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்த வில்லைகளை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

இப்போது மோல்ஸ்வேர்த்தின் முறையைத் தரம் 10, 11க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிறிய தொலைகாட்டியில் வியாழனின் புள்ளிகள் நம்பகமாகத் தெரியாது. ஆகவே நான்கு பெரிய நிலாக்கள் கோளில் இருந்து நிற்கும் தூரத்தை அடுத்தடுத்த இரவுப் படங்களில் அடிமட்டத்தால் அளந்து, வரைபுத்தாளில் குறித்து, ஒவ்வொன்றும் சுற்றிவர எடுக்கும் காலத்தைப் பிள்ளைகள் தாங்களே காண வேண்டும். அயோவுக்கு ஏறத்தாழ 1.8 நாள் வர வேண்டும், கலிஸ்டோவுக்கு 16.7. பயிற்சித்தாள் தமிழில் தயார். முதல் பக்கத்தில் திருகோணமலையில் செய்த வேலையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறேன். வாகரைக் கோட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எவர் கேட்டாலும் பிரதி தருவேன். சூமில் ஒரு மணித்தியாலம் கூட இருந்து சொல்லியும் கொடுப்பேன்.