குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால்: சிங்கப்பூரில் மரபணுச் சோதனை

குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் என்பது எல்டிஎல் எனும் 'கெட்ட கொழுப்பு' பிறவியிலேயே ரத்தத்தில் மிகுந்திருக்கும் மரபுக் கோளாறு. எல்டிஎல்லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் குறைந்திருப்பதோ பழுதுபட்டிருப்பதோ பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். பெற்றோரில் ஒருவருக்குக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. சைவக்காரர், ஒல்லியானவர் என்ற கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. சிகிச்சை பெறாத ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயத் தமனி நோய் வந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் சுமார் 20,000 பேருக்கு இக்கோளாறு இருக்கலாம் என்பது மதிப்பீடு. பலருக்கும் அது தெரியாது. உடம்பில் வலியோ களைப்போ இராது. குதிகாலுக்கு மேலுள்ள நாணை மருத்துவர் இரு விரலால் பிடித்துப் பார்க்கும்போது கயிறுபோல் தடித்திருந்தால் அது வலுவான அடையாளம். ஆனால் எல்லாரிடமும் அது தென்படுவதில்லை.

2025 ஜூன் 30 அன்று சுகாதார அமைச்சு தேசிய அளவில் மரபணுச் சோதனையைத் தொடங்கியது. உதாரணத்துக்கு, செங்காங் வட்டாரவாசி ஒருவர் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ரத்தம் கொடுக்கிறார். எல்டிஎல் 4.9 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் மரபணு மதிப்பீட்டு நிலையத்துக்கு அனுப்பப்படுவார். செங்காங் பொது மருத்துவமனை அங்கம் வகிக்கும் சிங்ஹெல்த் குழுமமே இத்தகைய முதல் நிலையத்தை அமைத்தது. தகுதிபெறும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 70 விழுக்காடு வரை மானியம் உண்டு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பையும் பயன்படுத்தலாம். சோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காமல் போய்விடுமோ என்ற தயக்கம் இயல்பானதே. ஆனால் 2021இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, விண்ணப்பதாரரை மரபணுச் சோதனை செய்துவரும்படி காப்புறுதி நிறுவனங்கள் வற்புறுத்த முடியாது.

ஒருவருக்கு மரபணுப் பிழை உறுதியானால் அடுத்து அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் சோதிக்கப்படுகிறார்கள். சோதனையின் உண்மையான பயன் இங்கேதான்: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மாரடைப்புக்குப் பின் அல்ல, பல்லாண்டுகள் முன்பே தொடங்கலாம்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் உறவினர்கள் இந்தியாவில் இருப்பார்கள். மானியம் அவர்களை எட்டாது. சாதாரணக் கொழுப்புச் சோதனையையாவது அவர்கள் அங்கே செய்துகொள்ளலாம். அலகு மட்டும் குழப்பும். இந்தியச் சோதனைக்கூடங்கள் மில்லிகிராமில் எழுதுகின்றன. 4.9 என்பது அங்கே 190. அண்ணனின் சிங்கப்பூர்த் தாளில் 5.6, தங்கையின் தஞ்சாவூர்த் தாளில் 217 என்றிருந்தால், இருவருக்கும் ஒரே அளவுதான்.