நாட்டார் கதையும் படமும்: தொடக்கநிலைத் தமிழ் வாசிப்பு குறித்த வரலாற்று நோக்கு

திண்ணைப் பள்ளிகளில் வாசிப்பு என்பது பெரும்பாலும் நினைவிலிருந்து ஒப்பித்தலாகவே இருந்தது. மாணவன் மணலில் எழுதி எழுத்தறிந்தான். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனனம் செய்தான். அவன் ஏட்டைக் கையில் எடுக்கும்போது அதிலுள்ளது முன்பே நாவில் இருந்தது. அறியாத பனுவலை எழுத்துக்கூட்டிப் பொருள்கொள்ளும் பயிற்சிக்கு அங்கு இடம் குறைவு.

அப்பயிற்சிக்கு உரைநடைக் கதையைக் கருவியாக்கிய தொடக்ககால அச்சு நூல்கள் குழந்தைகளை எண்ணி உருவானவை அல்ல. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பாபிங்டன் 1822இல் இலண்டனில் பதிப்பித்தபோது ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதற்கதைக்கான பகுப்பாய்வு ஆகியவற்றை உடன் சேர்த்தார். கும்பினியின் இளம் அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க 1812இல் அமைந்தது சென்னைக் கல்விச் சங்கம். அதன் தமிழாசிரியராயிருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்தார் (1826). எளிய கதைவழித் தமிழ் கற்கும் வாய்ப்பு முதலில் வாய்த்தது வளர்ந்த ஆங்கிலேயர்க்கு. பரமார்த்த குரு கதைக்கு ஆல்பிரட் குரோகுவில் வரைந்த படங்கள் வெளிவந்ததும் 1861இல், இலண்டனின் ஆங்கிலப் பதிப்பொன்றில்தான். படத்தையும் சொல்லையும் எண்களால் இணைத்த கொமேனியஸின் பாடநூல் ஐரோப்பாவில் 1658இலேயே வந்துவிட்டது என்பதை நோக்க, தமிழ்ச் சிறுவர் காத்திருந்த காலம் நீண்டது.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா, மரபுக்கதையைப் படத்துடன் வீட்டுக்குள் கொணர்ந்தது. எனினும் அவ்விதழ் வாசிக்கத் தெரிந்த சிறுவர்க்குரியது. எழுத்துக்கூட்டும் வயதினர்க்குக் கதையையும் பாடலையும் வகுப்பறைக் கருவியாக்கும் முயற்சிகளுள் அண்மையது, முதல் மூன்று வகுப்புகளுக்கென 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம்.

இங்கு எழும் சிக்கல் எளிதன்று. படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துச் சொல்லும் குழந்தை வாசிப்பதாகவே தோன்றும். திண்ணைப் பள்ளியின் ஒப்பித்தல் வேறு வடிவில் மீள்வதை ஆசிரியர் கவனியாது போகலாம். எனவே படம் எதைச் சொல்ல வேண்டும் என்பதைவிட, எதைச் சொல்லாது விட வேண்டும் என்பதே முதன்மையான வினா.

வடமொழிப் பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் வரும் நெசவாளன் கதை இதற்குத் தக்க சான்று. தறி முறிந்து மரம் வெட்டச் சென்றவனுக்கு மரத்திலுறையும் பூதம் வரமளிக்க முன்வருகிறது. அரசைக் கேள் என்கிறான் நண்பனாகிய நாவிதன். இன்னொரு தலையும் இரு கைகளும் பெற்றால் ஒரே நேரத்தில் இரண்டு துணி நெய்யலாம் என்கிறாள் மனைவி. அவள் சொற்படி வரம்பெற்றுத் திரும்பியவனை ஊரார் அரக்கனென எண்ணிக் கொல்கின்றனர். நான்கு கைகளைப் படம் காட்டும். மனைவியின் கணக்கைக் காட்டாது. அதனை அறிய எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். ஆரணியை அடுத்த பட்டு நெசவூரான சேவூரில் தறியொலி கேட்டு வளரும் குழந்தைக்குத் தறி, பாவு, ஊடை, நாடா ஆகியன செவிவழி அறிந்த சொற்கள். அவற்றின் எழுத்துருவம் மட்டுமே புதிது. அவ்வூர்க் குழந்தைக்கு மனைவியின் யோசனை அத்தனை பேதைமையாகவும் தோன்றாது.