லினக்ஸைப் பிடித்திருந்த ஏழரை: சீரியல் போர்ட் குறிமுறையில் ஒரு வழுவின் கதை

நான் எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளை வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில் வைத்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பேசியவை. பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு பேசியவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சேர்வர் எனக்கு மட்டும் உரியதல்ல. ஒரே கணினியில் பல பேருக்குக் கணக்கு இருக்கிறது. ஒருவர் மற்றவருடைய கோப்பைத் திறக்க முடியாது என்று நம்பித்தான் எல்லோரும் இருக்கிறோம். அந்தத் தடுப்புச் சுவரைக் காப்பது எது, அது எப்போது இடியும் என்று தேடப்போய்த்தான் இந்தக் கதைக்குள் வந்து சேர்ந்தேன். நான் படித்தது ஊடகவியல், கணினி அல்ல. எனவே எனக்கு விளங்கிய விதத்திலேயே எழுதுகிறேன்.

சுவரைக் காப்பது கேர்னல் (கேணல் அல்ல, கேர்னல்). இயங்குதளத்தின் ஆக அடியில் இருந்துகொண்டு நினைவகம், வட்டு, இணைப்புகள் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி அது. உலகின் இணையச் சேர்வர்களில் பெரும் பகுதி லினக்ஸ் கேர்னலில்தான் ஓடுகிறது.

அந்தக் கேர்னலின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்றின் பெயர் ரி.ரி.வை. பத்திரிகைக் கந்தோர்களில் ஒரு காலத்தில் கடகடவென்று செய்தி அடித்துத் தள்ளிய டெலிபிரின்டர் இயந்திரங்களின் வழிவந்த பெயர் அது. சீரியல் போர்ட்டும் அதே பரம்பரைதான். ஒரே கம்பியில் ஒரு பிட்டுக்குப் பின் இன்னொரு பிட்டாகத் தரவு போகும். செக்கனுக்கு 115,200 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று கணக்கிட்டால், 11,520 எழுத்துகள் வரும். பரவலாகப் புழங்கிய 16550ஏ சிப்பில் 16 எழுத்துகளுக்குத்தான் இடம். ஏறக்குறைய 1.4 மில்லிசெக்கனில் அது நிரம்பிவிடும். ஆகவே சிப் அடிக்கடி கணினியின் வேலையை இடைமறித்து, ‘வந்ததை எடுத்துக்கொள்’ என்று கேட்கும். அதே வேளையில் ஒரு மென்பொருள் அந்தப் போர்ட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம், இன்னொன்று அதை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரே பொருளில் பல கைகள். சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

இதற்கு ‘ரேஸ் கண்டிஷன்’ என்று பெயர். விளக்க எனக்கு வேறு உதாரணம் தேடத் தேவைப்படவில்லை. செட்டிகுளத்து முகாம்களில் இருந்தவர்களுக்குப் பதிவேடு என்றால் என்ன என்று தெரியும். 14ஆம் இலக்கக் கூடாரத்திலிருந்து ஒரு குடும்பம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலுவலர் ‘14 காலி’ என்று எழுதுகிறார். அவர் எழுதியதைக் காணாத இன்னொருவரும் அதையே எழுதுகிறார். இப்போது ஏட்டில் இரண்டு காலிக் கூடாரங்கள், தரையில் ஒன்று. இரண்டு குடும்பங்கள் ஒரே வாசலில் வந்து நிற்கும். இருவரில் யாரும் பிழையாக எழுதவில்லை. நேரம்தான் பிழை. ஒருவர் அரை நிமிடம் பிந்தி வந்து முதல் பதிவைக் கண்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. அதனால்தான் இந்த வகை வழு சோதனையில் அகப்படுவதில்லை. ஆயிரம் தடவை ஓட்டினால் ஆயிரமும் சரியாக ஓடும்.

சிவிஇ-2017-2636 என்ற இலக்கம் பெற்ற வழு இந்தக் கூடாரக் கதையேதான். எச்.டி.எல்.சி. என்ற பழைய சீரியல் தொடர்பு முறைக்காக லினக்ஸில் ‘என்-எச்.டி.எல்.சி.’ என்றொரு சிறு மொடியூல் இருக்கிறது. அனுப்ப வேண்டிய தரவை அது சிறு சிறு பஃபர்களில் வைத்திருக்கும். அனுப்பி முடிந்த பஃபர் ‘காலி’ப் பட்டியலுக்குப் போகும். அனுப்புவதில் தடங்கல் வந்தால், அந்த ஒரு பஃபரை மட்டும் கையில் பிடித்து வைத்திருந்து பிறகு மறுபடி முயலும். இதற்கிடையில் யாராவது ‘அனுப்பாமல் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடு’ என்று கட்டளை கொடுத்தால், கொட்டுகிற குறிமுறையும் அதே பஃபரைக் காலிப் பட்டியலில் போடும். அனுப்புகிற குறிமுறையும் போடும். இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் ஒரே பஃபர் பட்டியலில் இரண்டு தடவை. மொடியூலை மூடும்போது கேர்னல் அந்த ஒரே நினைவக இடத்தை இரண்டு முறை விடுவிக்கும். முதல் விடுவிப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையில் அந்த இடத்தில் தன் தரவைக் கொண்டுவந்து வைக்கத் தெரிந்தவர், சாதாரணக் கணக்கிலிருந்து முழுக் கணினிக்கும் அதிபதியாகலாம். என் சேர்வரில் பக்கத்து அறைக்காரர் அதைச் செய்தால் அந்தத் தாய்மாரின் குரல்கள் அவர் கையில்.

‘என் கணினியில் சீரியல் போர்ட்டே கிடையாதே’ என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் போர்ட் தேவையில்லை. சாதாரணப் பயனர் ஒரு போலி டெர்மினலைத் திறந்து இந்த முறையைக் கேட்டாலே போதும், மொடியூல் தானாக ஏறிவிடும். யாரும் தொடாத பழைய குறிமுறை வாசலில் திறந்தே கிடந்தது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ரெட் ஹெட் என்று பிரபலமான எல்லா விநியோகங்களும் பாதிக்கப்பட்டன.

வழு உள்ளே நுழைந்த திகதி 2009 ஜூன் 22. முகாம்களுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், உலகின் வேறெங்கோ ஒருவர் எழுதிய சில வரிகள்.  பஃபர்களில் கிடப்பதைக் கொட்டிவிடும் வசதியைச் சேர்க்க வந்த மாற்றமே இதைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ரி.ரி.வை. பகுதிக்கே கெட்ட காலம். அதைப் பராமரித்து வந்த அலன் கொக்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸுடன் ஏற்பட்ட கருத்து மோதலையடுத்து ஜூலையில் பொறுப்பைத் துறந்தார். பின்னர் அது கிரெக் குரோ-ஹார்ட்மனிடம் போனது.

கண்டுபிடித்தவர் ரஷ்யப் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்சாண்டர் போபோவ். கேர்னலை நோக்கித் தாறுமாறான கட்டளைகளை இடைவிடாமல் எறிந்து பார்க்கும் ‘சிஸ்கோலர்’ என்ற கருவியை ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகமான முறிவு கண்ணில் பட்டது. 2017 பெப்ரவரி இறுதியில் கேர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு அறிவித்தார், திருத்தத்தையும் சேர்த்தே கொடுத்தார். விநியோகத்தார் ஆயத்தமாக ஒரு வாரம் விட்டு மார்ச் 7ஆம் திகதி பகிரங்கமாக்கப்பட்டது. ஏழரை வருடத்துக்கும் மேல்!

திருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. ரேஸ் கண்டிஷன் என்றால் ‘லொக்’ போடுவதுதான் வழமையான மருந்து. ஒருவர் பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை மற்றவர் தொடக்கூடாது. சீரியல் ட்ரைவரில் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லொக்கைப் பிடித்திருக்கும் குறிமுறையைச் சிப் இடைமறித்து, அந்த இடைமறிப்பும் அதே லொக்கைக் கேட்டால், ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டுமே உறைந்துவிடும். ஆகவே லொக் கையில் இருக்கும்வரை அந்தப் புரொசசரில் இடைமறிப்புகளையும் நிறுத்தி வைக்க வேண்டும். போபோவ் புதிய லொக் ஒன்றைச் சேர்த்துச் சிக்கலைக் கூட்டவில்லை. ‘கையில் பிடித்து வைத்திருக்கும் பஃபர்’ என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டார். அனுப்ப முடியாதது வரிசையின் தலைக்கே திரும்பிப் போகும். மொடியூல் தானே கட்டியிருந்த பட்டியலையும் தூக்கிவிட்டு, கேர்னல் முழுவதும் பாவிக்கும் பொதுவான பட்டியலைப் போட்டார். இப்போது எந்த நேரத்திலும் ஒரு பஃபர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும்.

2020இல் வெளியான லினக்ஸ் 5.8 முதல் இப்படிப்பட்ட மோதல்களைத் தேடிப் பிடிக்கும் கருவி ஒன்று கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் திருத்தம் வெளிவருவதும் அது உங்கள் சேர்வருக்கு வந்து சேர்வதும் வேறு வேறு. கேர்னல் மேம்படுத்தலை நிறுவினாலும், ஓடும்போதே ஒட்டும் விசேட வசதி இல்லையென்றால், கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்கும்வரை பழைய கேர்னலே ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரம் நாள் நிற்காமல் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லப்படும் சேர்வர், ஆயிரம் நாள் பழைய கேர்னலில் ஓடும் சேர்வராகவும் இருக்கலாம்.

எனக்குச் சேர்வர் தரும் இடத்துக்கு இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பினேன்: இப்போது ஓடும் கேர்னல் பதிப்பு என்ன, கடைசியாக மீண்டும் தொடக்கியது எப்போது? முதலாவதுக்கு அன்றே பதில் வந்தது. இரண்டாவதுக்குப் பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. அதற்குள் ஒலிப்பதிவுகளை மறையாக்கம் செய்து, திறவுகோலை அந்தச் சேர்வரில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.