ரெய்டு டிஸ்க்கும் அரியலூர் மாவட்டமும்

எங்க அரியலூர் 2001-ல பெரம்பலூரை விட்டுப் பிரிஞ்சு தனி மாவட்டமாச்சு. 2002-ல திரும்பச் சேர்த்தாங்க, 2007-ல மறுபடி பிரிச்சாங்க. ஊரு நகரவே இல்லை, ஏட்டுல இருந்த குறிப்புதான் மாறுச்சு. ரெய்டுலயும் (போலீஸ் ரெய்டு இல்லீங்க :-)) குறிப்புதான் எல்லாம்.

பல டிஸ்க்கை ஒண்ணா இணைக்கிற இந்த முறைக்கு 1987-ல பேர் வச்சது பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ். ஆனா எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில், என்ன வரிசையில் என்கிற மெட்டாடேட்டாவை கம்பெனிக்கு ஒரு விதமா எழுதினாங்க. கன்ட்ரோலர் கார்டு போச்சுன்னா, டிஸ்க் நல்லா இருந்தும் வேற கம்பெனி கார்டுக்கு ஒண்ணும் புரியாது. பெரம்பலூர்ல தெரிஞ்சவர் கடையில இப்படி ஆகி, ஆறு வருஷக் கணக்குக்காக அதே மாடல் பழைய கார்டைத் தேடி ரிச்சி தெரு முழுக்க அலைஞ்சோம். நல்லவேளை, ஒண்ணு கிடைச்சது.

இதுக்குத்தான் ஸ்னியா அமைப்பு டிடிஎஃப்னு பொது வடிவம் போட்டது. 2006-ல 1.2, 2009-ல 2.0. டிஸ்க்கோட கடைசி பிளாக்கைப் பார்த்தா போதும், மத்த விவரம் எங்கேன்னு தெரிஞ்சிடும். அடையாள எண் டிஇ11டிஇ11. அந்த 11-ஐ ரெண்டு 'எல்'லா படிச்சுப் பாருங்க, டெல்!

இன்டெல் தன் வடிவத்தை விடலை. 2009-ல லினக்ஸ் எம்டிஅட்ம் 3.0-ல ரெண்டையுமே படிக்க வச்சாங்க. என்னைக் கேட்டா, தர ஆவணத்தை விட இதுதான் பெரிய உபகாரம். டிஸ்க்கைச் செருகி 'எக்ஸாமின்'னு கேட்டா, எந்த வடிவம்னு அதுவே சொல்லிடும்.