சோற்றுப் பெட்டியும் பார்க்கும் கண்களும்

ஜப்பானில் பாலர் பள்ளிக்குச் செல்லும் ஒரு குழந்தையின் மதிய உணவுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே சோற்று உருண்டை ஒன்று கரடிக்குட்டியாக உட்கார்ந்திருக்கக் கூடும். அதன் கண்ணும் மூக்கும் கடற்பாசித் தாளில் கத்தரித்து ஒட்டப்பட்டவை. பக்கத்தில் கால்களை விரித்து நிற்கும் ஆக்டோபஸ் வடிவச் சாசேஜ், முயல் காது முளைத்த ஆப்பிள் துண்டு. இணையத்தில் இத்தகைய படங்களைக் காணும் நாம், ஜப்பானியரின் அழகுணர்ச்சி என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் 'பென்டோ' எனப்படும் அந்தப் பெட்டிக்கு நெடிய வரலாறு உண்டு. அதில் அழகுக்கு இருக்கும் இடம் வறுமைக்கும் போருக்கும் அரசுக்கும் இருக்கிறது.

பென்டோ முதலில் குழந்தைக்கானதன்று. சோற்றை வேகவைத்து உலர்த்திப் பையில் கட்டிக்கொண்டு போய், வேண்டும்போது நீரில் ஊறவைத்து உண்பது பயணிகளுக்கும் போர்வீரர்களுக்கும் பழைய வழக்கம். எடோ காலத்தில் (1603-1868) நாடகம் பார்க்கப் போனவர்கள் காட்சிகளின் இடைவேளையில் உண்ட பெட்டிச் சோற்றுக்கு 'மகுனோஉச்சி' என்று பெயர் வந்தது. 'திரைகளுக்கு நடுவே' என்பது பொருள். இடுப்பில் சோற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் சிறு சம்பளக்காரனை 'கோஷிபென்' என்று ஏளனமாக அழைத்தனர். ஒருவன் கொண்டுவரும் சோற்றை வைத்தே அவன் யார் என்று கணிக்கும் பழக்கம் அப்படிப் பழையது.

ஆறிய நிலையில் உண்ணப்படுவது பென்டோ. ஆகவே பகல் வரை கெடாமல் இருப்பதே அதன் முதல் இலக்கணம். நம் கட்டுச்சோற்றில் புளியும் நல்லெண்ணெயும் செய்யும் வேலையை அங்கே உப்பிலிட்டு உலர்த்திய 'உமே' பழமும் காடியும் செய்கின்றன. பதார்த்தங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாதிருக்க மூங்கில் இலை போன்றவற்றை நடுவில் வைத்தார்கள்; அவ்விலைகளுக்குக் கிருமிகளைத் தடுக்கும் தன்மையும் உண்டு. இன்று கடைப் பெட்டிகளில் புல் போல் வெட்டி வைக்கப்படும் பச்சை நிற பிளாஸ்டிக் தாள் அந்த இலையின் நிழல்தான்.

1872இல் மெய்ஜி அரசு நாடு முழுவதற்குமான கல்வித் திட்டத்தை அறிவித்தது. பள்ளிகள் பெருகின, பெட்டியும் குழந்தையோடு பள்ளிக்குப் போயிற்று. அங்கேதான் ஒரு சங்கடம் வெளிப்பட்டது. வீட்டுக்குள் மறைந்திருந்த வறுமை, வகுப்பறையில் மூடியைத் திறந்ததும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பெட்டியே கொண்டுவர இயலாத பிள்ளைகளும் இருந்தனர். 1889இல் யமகத்தா மாவட்டத்தின் ட்சுருஒகா நகரில், ஒரு புத்த கோயிலில் நடந்த பள்ளியில், ஏழைக் குழந்தைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பிட்டுச் சுட்ட மீனும் ஊறுகாயும் வழங்கத் தொடங்கினார்கள். ஜப்பானியப் பள்ளி உணவின் தொடக்கமாக இதைச் சொல்வது வழக்கம்.

அடுத்து பெட்டிக்குள் நுழைந்தது அரசு. சீனாவுடன் போர் நடந்துகொண்டிருந்த 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், ஒவ்வொரு மாதமும் முதல் நாளைத் தியாகத்திற்கும் சிக்கனத்திற்கும் உரிய நாளாகக் கடைப்பிடிக்கும்படி அரசு பணித்தது. அன்றைய உணவு 'ஹினோமரு பென்டோ': வெள்ளைச் சோறு, அதன் நடுவில் ஒரே ஒரு சிவந்த உமே. ஜப்பானியக் கொடியின் உருவம் அது. எளியவர்களின் சாதாரண உணவு அன்று தேசபக்தியின் சின்னமாகிவிட்டது. பெட்டிக்குள் உருவம் வரைவது கரடிக்குட்டியோடு தொடங்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

போர் நீள நீள அந்த வெள்ளைச் சோறும் அரிதாயிற்று. ஹிரோஷிமாவின் அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு சோற்றுப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று, கட்டடங்களை இடிக்கும் பணிக்கு அனுப்பப்பட்டிருந்த ஒரு நடுநிலைப் பள்ளி மாணவனுடையது. அவன் அதைத் திறந்து உண்ணவில்லை. உள்ளே இருந்த உணவு கரிக்கட்டியாகிவிட்டது. மகனைத் தேடி வந்த தாய் அந்தப் பெட்டியைக் கொண்டு அவன் உடலை அடையாளம் கண்டார். காலையில் தன் கையால் நிரப்பிக் கொடுத்த பெட்டி அது.

போருக்குப் பின் பசித்த தேசத்தில் பள்ளி உணவு நிவாரணப் பொருட்களைக் கொண்டு மீண்டும் தொடங்கியது. 1954இல் அதற்கெனச் சட்டமே வந்தது. பல ஆண்டுகள் ரொட்டியும் பாலுமே முதன்மை உணவு. சோறு முறைப்படி சேர்க்கப்பட்டது 1976இல்தான். தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறி, எல்லோரும் ஒரே உணவை உண்ணும் வழக்கம் நிலைபெற்றது. இன்னார் வீட்டுச் சோறு என்ற வேறுபாடு அங்கே ஒழிந்தது. பெட்டி எஞ்சியது பல பாலர் பள்ளிகளிலும், மேல்நிலைப் பள்ளிகளிலும், சுற்றுலா நாட்களிலும்தான். அலங்காரம் செழித்தது பாலர் பள்ளியில்.

அதற்கு நியாயமான காரணம் உண்டு. முதன்முறையாக வீட்டைப் பிரிந்து தனியே உண்ணும் மூன்று வயதுக் குழந்தைக்கு உணவு ஒரு துணை. துண்டுகள் சிறியவையாக இருக்க வேண்டும். உதவியின்றி எடுத்து உண்ண வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறங்களை வைத்தால் சத்தும் தானாகவே பலவகைப்படும் என்பது பழைய கணக்கு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வலைப்பதிவுகள் பரவியபோது, கார்ட்டூன் பாத்திரங்களைச் சோற்றில் வடிக்கும் 'கியாரபென்' பெருகியது. பெட்டியைப் பார்க்கும் கண்கள் வகுப்பறைக்கு வெளியேயும் பல்கின.

அமெரிக்க மானிடவியலாளர் ஆன் அலிசன், தம் மகனை ஜப்பானியப் பாலர் பள்ளிக்கு அனுப்பிய அனுபவத்தைக் கொண்டு 1991இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அல்தூசரின் 'அரசின் கருத்தியல் கருவி' என்னும் கருத்தைச் சோற்றுப் பெட்டிக்குப் பொருத்திக் காட்டிய கட்டுரை அது. குழந்தை மிச்சமின்றி, விரைவாக உண்டு முடிக்க வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கிறது. தாயோ அதற்கேற்ற பெட்டியை அன்றாடம் தயாரித்து, தான் நல்ல தாய் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இருவரும் ஒரே பாடத்தைத்தான் கற்கிறார்கள் என்பது அவர் வாதம். 1939இன் ஆணை இன்று இல்லை. ஆணை இடாமலேயே விடியற்காலையில் எழுந்து கடற்பாசியில் கண் வெட்டும் தாய் இருக்கிறாள். பெரும்பாலும் தந்தை இல்லை. பெட்டிகளுக்குள் ஒப்பீடும் போட்டியும் வருகின்றன என்று கியாரபென்னைத் தவிர்க்கச் சொன்ன பள்ளிகளும் ஜப்பானில் உண்டு.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்று இன்று தேடும் பெற்றோர் பென்டோவிடம் கற்கக்கூடியவை, கரடிக்குட்டி வருவதற்கு முன்பே அதில் இருந்தவை: பகல் வரை கெடாத பக்குவம், சிறு கைக்கு அடங்கும் அளவு, இரண்டு மூன்று நிறங்கள். குழந்தைக்குத் தேவையானது இவற்றோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வைப்பதெல்லாம் யார் பார்ப்பதற்காக என்று மூடியை அழுத்தும் முன் ஒரு தரம் கேட்டுக்கொள்ளலாம்.