சோழியும் சந்திர கிரகணமும்

புதுவருஷம் எந்நேரம் பிறக்கின்றது என்னும் வினா யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆண்டுதோறும் எழுவதாகும். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைக் கூறும். திருக்கணித பஞ்சாங்கம் பிறிதொரு நேரத்தைக் கூறும். மருத்துநீர் வைத்து நீராடவும் கைவிசேடம் பெறவும் இவற்றுள் ஒன்றைக் கைக்கொள்ளும் நம்மவருட் பலர், இரண்டும் வேறுபடுவதன் காரணத்தை ஆராய்வதில்லை. ஆராயப்புகின், விஞ்ஞான சரித்திரத்தின் சுவைமிக்க பகுதியொன்று நம் கண்முன் விரியும்.

சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காணும் பொருட்டுப் புதுச்சேரிக்கு வந்த பிரான்சிய வானநூலறிஞர் லெ ஜென்தீல். 1769இல் அக்காட்சியை மேகம் மறைத்துவிட்டது. ஆயினும் அவர் வருகை வீண்போகவில்லை. தமிழர் கிரகணங் கணிக்கும் முறையை அவர் அங்கே கற்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறைக் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது; ஐரோப்பாவிற் புகழ்பெற்றிருந்த மாயரின் அட்டவணையோ 68 விநாடி கூட்டிக் காட்டியது!

இக்கணக்குக்கு ஏடும் எழுத்தாணியும் வேண்டியதில்லை. சந்திரன் சில நாள் விரைந்தும் சில நாள் மெல்லவும் செல்லும். அவ்வேறுபாடு ஏறக்குறைய 27½ நாளில் ஒரு சுற்று முடியும். அத்தகைய 9 சுற்றுக்கள் 248 நாள். அந்நாட்களுக்குரிய சந்திரனின் நிலைகளை 248 வாக்கியங்களாக அமைத்தனர் முன்னோர். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். வாக்கியத்தை மனப்பாடஞ் செய்தவனுக்கு அட்டவணை நாவிலே இருந்தது. வாக்கிய பஞ்சாங்கம் என்னும் பெயர் வந்த வழி இதுவே. இதே 248 நாட் கணக்கு பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலும் உண்டென்பதை நோக்கி, 1952இல் நொய்கெபவர் என்னும் அறிஞர் தமிழர் வானநூலைப் பற்றி ஆராய்ந்தெழுதினார்.

எனினும், இதைக்கொண்டு நாம் மார்தட்டுதல் தகுமோ? 1825இல் வாறன் என்பவர் முன்னிலையிற் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், நிலத்திற் சோழிகளைப் பரப்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை காணப்பட்டது. சோழி கொண்டு இவ்வளவு நெருங்கியது வியப்பே. ஆனால் அக்கணக்கின் அடிப்படைத் தத்துவத்தை அவர் அறிந்திருக்கவில்லை என்று வாறன் எழுதினார். நாவில் வாக்கியம் இருந்தது. அதன் காரணம் மறைந்துவிட்டது.

1829இல் இவ்வினா நம் நாட்டிலேயே எழுந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கூறிய கிரகணக் கணக்கிற் பிழையுண்டென வட்டுக்கோட்டைச் செமினரித் தலைவர் பூவர் ஐயர் முன்னரே அறிவித்தார். மார்ச் மாதத்துக் கிரகணம் பூவரின் கணக்கையே மெய்ப்பித்தது. மிஷன் பள்ளிகளிற் பயின்ற நம்மவர் சிலர் இதைக் கூறி முன்னோர் கல்வியை இகழ்வர். வேறு சிலரோ இதைக் கேட்கவும் மனங்கொள்ளார். இருசாராரும் ஒன்றை மறந்தனர்.

திருக்கணிதம் என்பதிலுள்ள முதற்சொல் செல்வத்தைக் குறிக்கும் ‘திரு’ அன்று. காண்டலைக் குறிக்கும் ‘திருக்’ என்னும் வடசொல். கேரளத்துப் பரமேசுவரர் ஆண்டுகள் பலவாகக் கிரகணங்களைத் தாமே கண்டு, கணக்கைத் திருத்தி, 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் நூலை இயற்றினார். வானத்தைக் கண்டு ஏட்டைத் திருத்துதல் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்ததன்று; அது நம்மவர் மரபே. கண்டு திருத்துவோர் அருகியபோதே கணக்கும் வானமும் விலகலாயின.

ஆதலின் இளைஞர்காள்! வாக்கியத்தை இகழவும் வேண்டாம். அதனைக் கண்மூடிப் போற்றவும் வேண்டாம். அடுத்த கிரகணத்தின்போது பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் கையிலெடுத்து முற்றத்திற்கு வருவோமாக. முன்னோர் பெருமையைக் காப்பதற்கு அதனினும் சிறந்த வழியில்லை.